வால்வெள்ளி என்று யார் சொன்னது?

(2026 ஜனவரியில் மலேசியாவின் பெக்கோக்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கடந்த ஆறு மாதமாக ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வருகிறது. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒன்று வந்தது. அதற்கு 3ஐ/அட்லஸ் என்று பெயர் வைத்தார்கள். வந்த மறுநாளே வால்வெள்ளி என்றும் எழுதிவிட்டார்கள். "கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்காமல் இவர்கள் எப்படி அதை வால்வெள்ளி என்கிறார்கள்? எதையோ மறைக்கிறார்களோ?" புலனக் குழுக்களில் இந்தக் கேள்வி சுற்றுகிறது. இன்று மாலை இங்கே வந்து இறங்கியதும் ஒரு தம்பி என்னிடம் கேட்டதும் இதையேதான்: "ஐயா, நாசா சொன்னா நம்பிடணுமா?"

நம்பிவிட வேண்டாம், தம்பி. எப்படிச் சொன்னார்கள் என்று கேள். கேட்டால் பதில் இருக்கிறது. ஆனால் அதே கேள்வியை மறுபக்கத்திலும் கேட்க வேண்டும். "இது வால்வெள்ளி இல்லை" என்கிறவரிடம், "எதைக் காட்டினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 1-ஆம் தேதி, சிலி நாட்டின் ரியோ உர்ட்டாடோவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியின் படங்களில் நகரும் புள்ளி ஒன்று தெரிந்தது. பூமியில் மோதக்கூடிய கற்களைத் தேடுவதுதான் அந்தத் தொலைநோக்கியின் அன்றாட வேலை. அப்போது அந்தப் புள்ளி சூரியனிலிருந்து சுமார் 67 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வேகம் நொடிக்கு 61 கிலோமீட்டர்.

படிவம் நான்கில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் கையைத் தூக்குங்கள். நல்லது. இந்தக் கணக்கை நீங்களே போடலாம். பூமி இருக்கும் தொலைவில் சூரியனின் பிடியிலிருந்து தப்ப நொடிக்கு 42 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 67 கோடி கிலோமீட்டர் என்பது அதைப் போல நாலரை மடங்கு தொலைவு. 42-ஐ நாலரையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 20 வரும். அந்த இடத்தில் தப்பிக்க 20 போதும்; இதற்கோ 61 இருந்தது. சூரியனுக்குக் கட்டுப்பட்ட எதுவும் அந்த இடத்தில் அந்த வேகத்தில் போக முடியாது. வெளியிலிருந்து வந்ததுதான் என்று முடிவு கட்டியது இந்தக் கணக்குதான். இதற்கு நாசா தேவையில்லை, கால்குலேட்டர் போதும்.

அது எங்கிருந்து வந்தது என்பது வேறு, அது என்ன என்பது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. விண்மீன்களுக்கு இடையிலிருந்து வந்தது என்பதைப் பாதை சொல்கிறது. வால்வெள்ளியா, வெறும் பாறையா, வேறெதுவுமா என்பதை அதன் நடத்தைதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், உங்களுக்கு இது புரியும். செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? அண்ணாந்து நிறத்தை மட்டும் பார்த்து வெட்டுவதில்லை. மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கிறதா என்று பார்க்கிறீர்கள். வால்வெள்ளியையும் அது உதிர்ப்பதை வைத்துத்தான் சொல்கிறார்கள். சூரியச் சூடு பட்டதும் உள்ளே உறைந்து கிடக்கும் பனி ஆவியாகும். அந்த வாயு தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். அது உருண்டையான மூட்டமாகச் சூழ்ந்துகொள்ளும், பிறகு வாலாக நீளும். மூட்டம் தெரிந்தால் வால்வெள்ளி. தெரியாவிட்டால் சிறுகோள். வானியலாளர்கள் கையில் இருக்கும் அளவுகோல் முதலில் இவ்வளவுதான். ஜூலை 2-ஆம் தேதி, இத்தகைய கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்யும் சிறுகோள் மையம் வெளியிட்ட அறிவிப்பிலேயே மெலிந்த மூட்டமும் மிகக் குட்டையான வாலும் இருப்பதாகச் சிலர் பார்த்துச் சொன்ன குறிப்பு இருந்தது. அதை வைத்துத்தான் சி/2025 என்1 என்று வால்வெள்ளிக்கான எழுத்தையும் சேர்த்தார்கள்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 'என்' என்றால் ஜூலை முதல் பாதி. '1' என்றால் அந்தப் பாதி மாதத்தில் முதலாவது. 1949 ஜூலையில் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஒரு தென்னிந்திய இளைஞர், தாமே எடுத்த ஒளிப்படத் தட்டில் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். அதன் பெயர் சி/1949 என்1. அந்த இளைஞர் சென்னையில் பிறந்த வேணு பாப்பு. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை எழுப்பியவர் அவர்தான். இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடன் போக், நியூகிர்க் என்ற இருவரின் பெயரும் அந்த வால்வெள்ளியில் சேர்ந்திருக்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வால்வெள்ளிக்குப் பெயர் வைப்பது யாரோ வெள்ளைக்காரர்கள் மூடிய அறைக்குள் நடத்தும் காரியம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அந்தப் பட்டியலில் நம்மவர் பெயர் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது.

பெயர் வைப்பதில் பிழை நேராதா? நேரும், நேர்ந்திருக்கிறது. 1781 மார்ச் 13 இரவு வில்லியம் ஹெர்ஷல் ஒன்றைப் பார்த்தார். வால்வெள்ளி என்றே அறிவித்தார். பாதையைக் கணக்கிட்டபோது அது யுரேனஸ் என்னும் கோள் என்று தெரிந்தது. 1801-இல் பியாட்சி கண்டுபிடித்த செரஸும் முதலில் வால்வெள்ளி என்றே உலகுக்குச் சொல்லப்பட்டது.

நம்முடைய சென்னையிலும் அப்படி ஒன்று நடந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இன்றைய பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது.

பியேலா என்றொரு வால்வெள்ளி இருந்தது. ஆறேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். 1846-இல் வந்தபோது பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. 1852-இல் இரண்டு துண்டும் வந்தன. அதன் பிறகு வரவே இல்லை. 1872 நவம்பர் 27 இரவு, பூமி அந்தப் பாதையைக் கடந்தபோது வானத்திலிருந்து எரிகற்கள் மழையாகக் கொட்டின. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இருந்த கிளிங்கர்ஃப்யூஸ் என்ற வானியலாளர், பியேலாவே பூமியை உரசிப் போயிருக்கிறது என்று முடிவு செய்தார். உரசிப் போனது தெற்கு வானத்தில்தான் தெரியும். தெற்கே யார் இருக்கிறார்கள்? சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில் நார்மன் போக்சன் இருந்தார். தந்தி பறந்தது: சென்டாரஸ் மண்டலத்தில் இன்ன விண்மீனுக்குப் பக்கத்தில் தேடு.

சென்னையில் அப்போது மழைக்காலம். மேகம். போக்சன் விடாமல் காத்திருந்து, டிசம்பர் 3 அதிகாலை மேகம் விலகிய நேரத்தில் தேடினார். சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வால்வெள்ளி இருந்தது! மறுநாள் அதிகாலையும் பார்த்தார். பிறகு வானம் மூடிக்கொண்டது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

தேடச் சொன்ன இடத்தில் தேடிய பொருள் கிடைத்தது. இதைவிட என்ன சான்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பியேலா அந்த நாளில் அந்த இடத்தில் இருக்க வழியில்லை என்றார்கள். சரி, அப்படியானால் போக்சன் பார்த்தது எது? ஒரு பாதையை வரையறுக்கக் குறைந்தது மூன்று தனித்தனிக் கவனிப்புகள் வேண்டும். இரண்டு இரவுகளே கிடைத்திருந்தன. ஆகவே அதற்கு இன்றைய பட்டியலில் எக்ஸ்/1872 எக்ஸ்1 என்று பெயர். முன்னால் இருக்கும் எக்ஸ், நம்பகமான பாதை கணக்கிட முடியாதது என்பதற்கான அடையாளம். பியேலாவுக்கோ காணாமற்போனது என்று குறிக்கும் 'டி' போட்டு 3டி என்று வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் சென்னையில் மழைக்கு நடுவே ஒருவர் பார்த்ததை அவர்கள் தூக்கி எறியவும் இல்லை, கிடைக்காத முடிவை ஒட்டவைக்கவும் இல்லை. தெரியாது என்பதற்கே ஓர் எழுத்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மறைக்க நினைக்கும் கூட்டம் அப்படிச் செய்யாது.

வெளியிலிருந்து வந்த முதலாவதைப் பார்ப்போம். 2017 அக்டோபர் 19-இல் ஹவாயில் ராபர்ட் வெரிக் கண்டுபிடித்த ஓமுவாமுவா. முதலில் வால்வெள்ளிக்கான 'சி'. மூட்டமே தெரியவில்லை என்றதும் சிறுகோளுக்கான 'ஏ'. பிறகு விண்மீன்களுக்கு இடையிலிருந்து வருபவற்றுக்கென்றே 'ஐ' என்ற புது எழுத்தை உருவாக்கி, 1ஐ என்றார்கள். சில வாரங்களுக்குள் மூன்று பெயர்கள். 2018-இல் மார்கோ மிக்கேலியும் கூட்டாளிகளும் அதன் பாதையை அளந்தபோது, சூரிய ஈர்ப்பு மட்டும் விளக்க முடியாத சிறிய தள்ளல் ஒன்று இருப்பதைக் கண்டார்கள். வாயு பீய்ச்சினால் அப்படித் தள்ளும். ஆகவே வால்வெள்ளிதான் என்றார்கள். ஆனால் வாயுவை யாரும் பார்க்கவில்லை. ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி தேடியும் கிடைக்கவில்லை.

அந்த இடத்தில் ஹார்வர்டின் அவி லோப் சந்தேகத்தைக் கிளப்பினார். அவர் சாதாரண ஆள் இல்லை. அந்தப் பல்கலைக்கழக வானியல் துறைக்கு 2011 முதல் 2020 வரை தலைவராக இருந்தவர். பார்க்காத வாயுவை இருப்பதாக வைத்துக்கொண்டு வால்வெள்ளி என்கிறீர்களே, மிக மெல்லிய செயற்கைத் தகடு ஒன்றைச் சூரிய ஒளியே தள்ளியிருக்கக் கூடாதா என்று 2018-இல் பியாலி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து எழுதினார். அவர் சொன்ன விடையை நான் ஏற்கவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்று இந்த மேடையில் சொல்கிறேன். நைட்ரஜன் பனிக்கட்டி என்று சிலர் சொன்னார்கள். நீர்ப்பனிக்குள் சிக்கியிருந்த ஹைட்ரஜன் கசிந்தது, அது நம் கருவிகளுக்குத் தெரியாது என்று 2023-இல் பெர்க்னரும் செலிக்மனும் சொன்னார்கள். நல்ல விளக்கங்கள். ஆனால் பொருள் போய்விட்டது, இனி அளக்க முடியாது. ஓமுவாமுவா என்ன என்பதில் ஒருமித்த முடிவு இன்னும் இல்லை.

இரண்டாவது வந்தபோது சண்டையே இல்லை. 2019 ஆகஸ்ட் 30-இல் கிரிமியாவில் கெனாடி போரிசோவ் தாமே செய்த 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் அதைக் கண்டார். மூட்டமும் வாலும் யார் பார்த்தாலும் தெரிந்தன. லடாக்கின் ஹன்லேயிலிருந்தும் இராஜஸ்தானின் மவுண்ட் அபுவிலிருந்தும் இந்திய ஆய்வாளர்கள் அதன் நிறமாலையைப் பதிவு செய்து, வால்வெள்ளிகளுக்குரிய மூலக்கூறுகளைக் கண்டார்கள்.

மூன்றாவதுதான் நம் 3ஐ/அட்லஸ். லோப் மறுபடியும் வந்தார். ஹிபர்ட், குரோல் என்ற இருவருடன் 2025 ஜூலை 16-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்: இது அயல் தொழில்நுட்பமா? அந்தக் கட்டுரை ஒரு பயிற்சி போன்றது என்றும், இயற்கையான பொருளாக, பெரும்பாலும் வால்வெள்ளியாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்றும் அதிலேயே அவர்கள் எழுதியிருந்தார்கள். நம் கைக்கு வந்து சேர்ந்த காணொளிகளில் அந்த வரி மட்டும் இல்லை.

அவர் எழுப்பிய ஐயங்களில் பொருட்படுத்த வேண்டியவை உண்டு. ஒளியை வைத்துப் பார்த்தால் 20 கிலோமீட்டர் அளவுள்ள பாறையாக இருக்க வேண்டும், அவ்வளவு பெரியது இவ்வளவு சீக்கிரம் வந்து வாய்க்காது என்றார். சரியான வாதம். மூட்டம் இல்லை என்றால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ஜூலை 21-இல் ஹபிள் பார்த்தது. மூட்டம் இருந்தது, உள்ளே இருக்கும் கரு அதிகபட்சம் 5.6 கிலோமீட்டர், 320 மீட்டராகவும் இருக்கலாம் என்றது. அந்த ஐயம் அத்துடன் தீர்ந்தது.

வால் சூரியனை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று அடுத்து கேட்டார்கள். உண்மை, அப்படித்தான் தெரிந்தது. சூரியச் சூடு படும் பக்கத்திலிருந்துதான் தூசி கிளம்பும். துகள் கொஞ்சம் பருமனாக இருந்தால் சூரிய ஒளி அதை உடனே பின்னால் தள்ளிவிட முடியாது. சூரியனை நெருங்க நெருங்க வழக்கமான வாலும் வளர்ந்தது. ஆகஸ்ட் 27-இல் சிலியின் ஜெமினி தெற்குத் தொலைநோக்கி எடுத்த படத்தில் அது நன்றாகவே தெரிகிறது. இரும்பில்லாமல் நிக்கல் மட்டும் இருக்கிறதே, அது ஆலையில் உருக்கிய உலோகம் அல்லவா என்றார்கள். போரிசோவிலும் நிக்கல் ஆவி இருந்தது. நம் சூரியக் குடும்பத்து வால்வெள்ளிகள் பலவற்றில் இரும்பும் நிக்கலும் சேர்ந்து இருப்பதை 2021-இலேயே கண்டிருந்தார்கள். 3ஐ சூரியனை இன்னும் நெருங்கியபோது அதிலும் இரும்பு தெரிந்தது.

விந்தையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆகஸ்ட் 6-இல் பார்த்தபோது, தண்ணீரைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு கரியமில வாயு வெளியேறிக்கொண்டிருந்தது. நமக்குப் பழக்கமான வால்வெள்ளிகளில் இப்படிப் பார்ப்பது மிக அரிது. வேறொரு விண்மீனின் பக்கத்தில், வேறொரு குளிரில் உருவானது. அதன் உடம்பு நம்முடையதைப் போலவே இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? வால்வெள்ளிதான், ஆனால் நம் வீட்டு வால்வெள்ளி இல்லை.

வானொலிச் செய்திக்கு வருகிறேன். இதைக் கேட்டுத்தான் பலர் பயந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் மீர்காட் வானொலித் தொலைநோக்கி அக்டோபர் 24-இல் 3ஐ-இல் 1665, 1667 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஒன்றைப் பதிவு செய்தது. "வேற்றுக்கிரகத்திலிருந்து சிக்னல்" என்று தமிழிலும் தலைப்புப் போட்டார்கள். அந்த இரண்டு எண்களும் ஹைட்ராக்சில் என்ற மூலக்கூறுக்கு உரியவை. தண்ணீர் மூலக்கூறைச் சூரிய ஒளி உடைத்தால் ஹைட்ராக்சில் கிடைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். யாராவது ஒலிபரப்பினால் அந்த அலைவரிசையில் வரைபடம் மேலே எழ வேண்டும். மீர்காட் பதிவில் அது கீழே இறங்கியது. பின்னாலிருந்து வரும் வானொலி அலையை ஹைட்ராக்சில் உறிஞ்சிக்கொண்டதால் ஏற்பட்ட பள்ளம் அது. வால்வெள்ளி என்பதற்கு அதுவரை கிடைத்த நல்ல சான்றுகளில் ஒன்றை, வால்வெள்ளி இல்லை என்பதற்குச் சான்றாக ஊரெல்லாம் அனுப்பினார்கள். இது எனக்கு வேதனை தருகிறது. செயற்கை ஒலிபரப்பு ஏதும் இருக்கிறதா என்று தனியாகவும் தேடினார்கள். டிசம்பர் 18-இல், அது பூமிக்கு மிக அருகே வருவதற்கு முந்தைய நாள், அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கியைத் திருப்பிக் கேட்டார்கள். எதுவும் இல்லை.

இந்தியாவின் இயற்பியல் ஆய்வுக்கூடமும் நவம்பர் 12 முதல் 15 வரை மவுண்ட் அபுவின் 1.2 மீட்டர் தொலைநோக்கியால் அதைப் பார்த்தது. சயனோஜன், கார்பன் இரண்டு சேர்ந்தது, மூன்று சேர்ந்தது என்று நம் வால்வெள்ளிகளில் காணும் அதே கோடுகள். அமெரிக்கா மறைக்கிறது என்றால் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து மறைக்க வேண்டும். செவ்வாயைச் சுற்றும் சீனாவின் தியான்வென்-1 எடுத்த படத்தையும் அதோடு சேர்க்க வேண்டும்.

ஆனால் அறிவியலாளர் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். அக்டோபர் 3-இல் அது செவ்வாய்க்கு ஏறக்குறைய 3 கோடி கிலோமீட்டர் அருகே போனது. அதற்கு முதல் நாள் நாசாவின் செவ்வாய்ச் சுற்றுக்கலம் ஹைரைஸ் கருவியால் படம் எடுத்தது. அப்போது அமெரிக்க அரசு அலுவலகங்கள் நிதி ஒப்புதல் இல்லாமல் மூடிக் கிடந்தன. அக்டோபர் 1-இல் தொடங்கி நவம்பர் 12 வரை. படம் நவம்பர் 19-இல்தான் வெளிவந்தது. அத்தனை நாள் மக்கள் வாயில் வதந்தியைப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். பொதுப் பணத்தில் எடுத்த படம் பொதுமக்களுக்கு உடனே வர வேண்டும். ஏன் தாமதம் என்றாவது நாள்தோறும் சொல்லியிருக்க வேண்டும். படம் வந்ததும் மங்கலாக இருக்கிறது, வேண்டுமென்றே மங்கலாக்கிவிட்டார்கள் என்றார்கள். அந்தத் தொலைவில் ஹைரைஸின் ஒரு புள்ளிக்கு 30 கிலோமீட்டர். கருவோ அதிகபட்சம் 5.6 கிலோமீட்டர். ஒரு புள்ளிக்குள் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அது நிரப்பாது. தெரிவது மூட்டம் மட்டுமே. மங்கலாக இல்லாமல் இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இதையும் படத்தோடு சேர்த்தே சாதாரண மக்களுக்குப் புரியும்படி சொல்லியிருக்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 3ஐ வந்த பாதை, கோள்கள் சுற்றும் தளத்துக்கு ஐந்து பாகைக்குள் இருந்தது. தற்செயலாக அமைய 0.2 சதவீதமே வாய்ப்பு என்றார் லோப். எண் சரிதான். ஆனால் வந்த பிறகு பார்த்து, அதில் எது எது அபூர்வமாக இருக்கிறதோ அவற்றையெல்லாம் பொறுக்கி எடுத்தால், எந்தப் பொருளிலும் இப்படி நாலைந்து கிடைக்கும். நமக்கு இதுவரை தெரிந்தவை மூன்றே மூன்று. மூன்றை வைத்து எது வழக்கம், எது அபூர்வம் என்று எப்படிச் சொல்வது? முன்கூட்டியே சொன்ன சோதனைதான் சோதனை. அப்படியும் ஒன்று சொல்லப்பட்டது: அக்டோபர் 29-இல் சூரியனுக்கு மிக அருகே, நம் கண்ணுக்கு மறைந்து போகும்போது, கலமாக இருந்தால் பாதை மாறக்கூடும் என்று. அது சூரியனுக்குப் பின்னாலிருந்து கணித்த பாதையிலேயே வெளியே வந்தது. வாயு பீய்ச்சும் வால்வெள்ளிக்கு இருக்கக்கூடிய சிறு தள்ளல் மட்டும் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகும் "இல்லை, இன்னொன்று இருக்கிறது" என்று ஐயங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனால், அவரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும்: ஐயா, எது கிடைத்தால் இந்தப் பட்டியலை மூடுவீர்கள்?

வருகிற மார்ச் 16-இல் அது வியாழனைச் சுமார் 5.4 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடக்கும். அதற்கு முன் பிப்ரவரியில் ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் நவம்பரில் எடுத்த பதிவுகள் வந்துசேர வேண்டும். வியாழனருகே அது ஏதோ செய்யும் என்று இப்போதே செய்திகள் வரத் தொடங்கிவிட்டன.

இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறுகோள் மையத்தின் பதிவுகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன, காசு கேட்பதில்லை. 3ஐ இன்ன தேதியில் வானத்தில் இன்ன இடத்தில் இருக்கும் என்ற எண்களை இப்போதே எடுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்: மார்ச் 16-க்குப் பிறகு எது நடந்திருந்தால் இதை வால்வெள்ளி இல்லை என்போம், எது நடந்திருந்தால் வால்வெள்ளிதான் என்று ஒப்புக்கொள்வோம். இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்குங்கள். ஏப்ரலில் புதிய எண்களை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சுங்கை பந்தாங் பக்கம் காட்டோரம் போனால் பெக்கோக்கில் இன்னும் இருட்டான வானம் இருக்கிறது. 3ஐ இப்போது வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பெரிய தொலைநோக்கி வேண்டும். ஆனால் அடுத்த பிரகாசமான வால்வெள்ளி வரும்போது பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்.

சிலியில் வேரா ரூபின் வானாய்வகம் வேலையைத் தொடங்கிவிட்டது. நான்காவது வெகு காலம் காக்க வைக்காது. அதற்கு 4ஐ என்று பெயர் வைப்பார்கள். அது வால்வெள்ளியா இல்லையா என்பது வந்த பிறகுதான் தெரியும்.